ஏகாதசி விரதமும் எழுபது வயதும்

மார்கழி பிறந்துவிட்டது. விடியுமுன் வாசலில் கோலம், கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகிய பூசணிப் பூ, தெருக்கோடியில் பஜனைக் கோஷ்டியின் தாள ஒலி, கோயில் மடைப்பள்ளியிலிருந்து வரும் வெண்பொங்கலின் நெய்மணம். இம்மாதத்து வளர்பிறை ஏகாதசியே வைகுண்ட ஏகாதசி. திருவரங்கத்தில் பகல்பத்து நிறைவுற்று, அன்று அதிகாலையில் நம்பெருமாள் இரத்தினாங்கி அணிந்து பரமபத வாசலைக் கடந்து, ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள திருமாமணி மண்டபத்துக்கு எழுந்தருளுவார். அன்று முதல் இராப்பத்து.

இதனைப் படிக்கும் அன்பர்களில் பலர் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக இந்நாளில் உபவாசம் இருந்து வருகிறவர்கள். திருமணமாகிப் புக்ககம் வந்த ஆண்டில் மாமியாரைப் பார்த்துத் தொடங்கியவர்கள் உண்டு. தந்தையார் பரமபதித்த பின் அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அன்று தொடங்கிய விரதம் இன்றும் அப்படியே இருக்கிறது. நோற்கும் உடல்தான் அப்படியே இல்லை. அந்நாளில் அலமாரியில் மருந்துப் பெட்டி கிடையாது. இன்று காலைக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று, இரவுக்கு இரண்டு என்று மாத்திரைகள் வரிசையாக இருக்கின்றன.

விரதத்தை விடவும் மனம் வராது. மாத்திரையை விடவும் முடியாது. இரண்டையும் ஒரே நாளில் எவ்வாறு நடத்துவது என்பதே இவ்வாரம் நாம் சேர்ந்து எண்ண வேண்டியது.

அம்பரீஷன் அருந்திய தீர்த்தம்

ஸ்ரீமத் பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் அம்பரீஷ மன்னனின் வரலாறு வருகிறது. ஓராண்டுக் காலம் துவாதசி விரதம் நோற்ற அம்மன்னன், அதன் நிறைவாகக் கார்த்திகை மாதத்தில் மூன்று இரவுகள் உபவாசம் இருந்தான். யமுனையில் நீராடி, மதுவனத்தில் எம்பெருமானை ஆராதித்தான். அந்தணர்களுக்கு அமுது செய்வித்துத் தானும் பாரணை செய்ய இருந்த நேரத்தில் துர்வாச முனிவர் வந்து சேர்ந்தார். மன்னன் அவரை விருந்துக்கு அழைத்தான். முனிவரும் இசைந்து, நீராடி வருவதாகச் சொல்லி யமுனைக்குச் சென்றார். சென்றவர் திரும்பவில்லை.

துவாதசித் திதி முடிய அரை முகூர்த்தமே இருந்தது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 24 நிமிடம். அழைத்த விருந்தினர் உண்ணுமுன் தான் உண்பது பிழை. திதி கழியும் வரை பாரணை செய்யாமலிருப்பதும் பிழை. மன்னன் அறிந்தோரைக் கேட்டான். தண்ணீர் அருந்துவது உண்டதாகவும் ஆகும், உண்ணாததாகவும் ஆகும் என்று அவர்கள் வழி சொன்னார்கள். அவன் எம்பெருமானை நெஞ்சில் நினைத்துத் தீர்த்தத்தை மட்டும் அருந்திவிட்டு முனிவருக்காகக் காத்திருந்தான்.

பிறகு துர்வாசர் சினந்ததும், சடையைப் பறித்துக் கிருத்தியை ஏவியதும், சுதர்சனச் சக்கரம் அதனை எரித்து முனிவரைத் துரத்தியதும், கடைசியில் அவர் அம்பரீஷனிடமே வந்து அடைக்கலம் புகுந்ததும் நாம் அனைவரும் அறிந்தவை. கதை கேட்கும் குழந்தைகளுக்குச் சக்கரம் துரத்தும் இடம்தான் பிடிக்கும். எனக்கோ, வயது ஏற ஏற, அந்த ஒரு வாய்த் தீர்த்தமே முக்கியமாகத் தோன்றுகிறது. நெருக்கடி வந்தபோது அம்மன்னன் தானே முடிவு செய்து பிடிவாதமாக நிற்கவில்லை. அறிந்தவரிடம் கேட்டான், அவர் சொன்ன வழியில் நடந்தான். அதனால் அவனுடைய விரதம் குறைந்துவிடவில்லை.

என் தமக்கையின் ஏகாதசி

இதனை நான் நூலில் படித்து உணரவில்லை; கண்ணால் கண்டு உணர்ந்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. என் தமக்கைக்கு அப்போது வயது 74. திருவரங்கத்தில் மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேரன் ஆகியோருடன் இருக்கிறாள். சர்க்கரை நோய்க்குப் பல்லாண்டுகளாக மாத்திரை உட்கொள்பவள். வைகுண்ட ஏகாதசிக்காக நானும் அங்கே போயிருந்தேன். அவளுக்கு அது 50-ஆவது ஆண்டு உபவாசம். நள்ளிரவு கழிந்ததும் நீராடி, வரிசையில் நின்று, பரமபத வாசல் சேவித்து, காலை எட்டு மணிக்கு இல்லம் திரும்பினோம். வந்ததும் துளசித் தீர்த்தத்தில் மாத்திரையை விழுங்கினாள்.

“மாத்திரை மருந்துதானேடி. ஆகாரத்துல சேராது. அதை விட்டாத்தானே தப்பு” என்றாள்.

“இந்த வயசிலயும் உன்னால முடியறதே அக்கா!” என்று வியந்து சொன்னவள் நான்தான். அச்சொல்லை நினைத்தால் இன்றும் மனம் குன்றுகிறது.

பிற்பகல் இரண்டு மணி இருக்கும். ஊஞ்சலில் அமர்ந்து பாராயணம் செய்துகொண்டிருந்தவள், படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள். மருமகள் எதையோ கேட்டதற்குத் தொடர்பில்லாத விடை சொன்னாள். பேரனைப் பார்த்து அவன் தந்தையின் பெயரைச் சொல்லி அழைத்தாள். இரவெல்லாம் விழித்த களைப்பு என்று நாங்கள் எண்ணினோம். ஈடுபாட்டில் தன்னை மறந்திருக்கிறாள் என்றுகூட ஒருவர் சொன்னார். பேரன் மட்டும் அருகில் சென்று அவள் கையைத் தொட்டான். மார்கழிக் குளிரில் ரவிக்கை நனையும்படி அவளுக்கு வியர்த்திருந்தது.

அவன் குளுக்கோமீட்டரைக் கொண்டுவந்து விரலில் குத்திப் பார்த்தான். 46 என்று காட்டியது. நினைவு இருந்ததால் உடனே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்தான். கால் மணி நேரம் சென்று பார்த்தபோது 82. கண்கள் தெளிந்தன. தெளிந்ததும் அவள் முதலில் செய்தது, அழுதது.

“அம்பதாவது வருஷம். ஒரு டம்ளர் சக்கரைத் தண்ணியில போயிடுத்தே” என்றாள்.

உயிர் மீண்டதை அவள் எண்ணவில்லை. விரதம் போனதையே எண்ணினாள். அவளுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

விரதத்தைக் கெடுக்காத எட்டு

மறுநாள் துவாதசி. வழக்கமாக வரும் வாத்தியார் சுவாமி வந்தார். அக்கா கண்ணீரோடு நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மகாபாரதத்தில் உத்தியோக பருவத்தில் விதுரர் திருதராட்டிரனுக்குச் சொல்லும் நீதிகளில் ஒன்றை எடுத்துரைத்தார். எட்டுப் பொருள்கள் விரதத்தைக் கெடுக்கமாட்டா. அவை நீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், அந்தணரின் விருப்பம், குருவின் சொல், மருந்து.

“சர்க்கரைத் தண்ணீர் நேத்திக்கு உமக்கு ஆகாரமா, ஔஷதமா? நீரே சொல்லும்” என்று கேட்டார். அக்காவிடம் விடையில்லை.

மேலும் சிலவற்றை அவர் விளக்கினார். ஏகாதசி உபவாசம் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்க்கும் எண்பது நிரம்பாதவர்க்கும் உரியது என்று தர்மசாஸ்திர நூல்கள் வரம்பு வைத்திருக்கின்றன. முழு உபவாசம் இயலாதவர்க்குப் படிப்படியாக மாற்று வழிகளையும் சொல்கின்றன. பகலெல்லாம் இருந்து இரவில் ஒருமுறை மட்டும் உண்ணும் நக்தம் ஒரு வழி. சோறு நீக்கிய உணவு, பழம், பால், தீர்த்தம் என்று இன்னும் பல. நோயுற்றவருக்காகக் கணவரோ, மனைவியோ, மகனோ நோற்கவும் இடமுண்டு.

நாம் சிற்றுண்டிக்குச் சொல்லும் ‘பலகாரம்’ என்ற சொல்லே ‘பல ஆகாரம்’, அதாவது பழ உணவு, என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பர். விரத நாளில் பழம் உண்ட வழக்கம் அச்சொல்லில் இருக்கிறது. எண்ணெயில் பொரித்த அடுக்கை அதே பெயரால் அழைத்தது பிற்காலத்து நாம்.

முன்னோர் முதுமையையும் நோயையும் மறந்து விதி செய்யவில்லை. அவற்றுக்கு இடம் வைத்தே விதி செய்தார்கள். இடம் இருப்பதை அறியாமல் நம்மை நாமே வருத்திக்கொள்வது அவர்கள் கேட்டதன்று.

மாத்திரையும் உணவும்

என் தமக்கை சாஸ்திரத்தில் பிழை செய்யவில்லை. மருந்து விரதத்தைக் கெடுக்காது என்று அவள் சொன்னது சரியே. ஆனால் அந்த மாத்திரை உணவோடு சேர்ந்து வேலை செய்வதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை அவளும் எண்ணவில்லை; நாங்களும் எண்ணவில்லை.

மருத்துவர் பின்னர் விளக்கியதை எளிய சொற்களில் தருகிறேன். சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் எல்லாம் ஒரே வகையல்ல. கிளைமிபிரைடு, கிளைபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. உணவு வந்தாலும் வராவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். உணவு வராவிட்டால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும். இன்சுலின் ஊசியும் அவ்வாறே. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. உங்கள் மாத்திரை எவ்வகை என்பதை அட்டையில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைக் கொண்டு மருத்துவரே சொல்வார்.

இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அது தாழ்நிலை. குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும்பசி, பார்வை மங்கல், பேச்சில் தடுமாற்றம், காரணமில்லாத சினம் ஆகியவை அதன் அடையாளங்கள். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ சில வகை மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம். ஆகவே விரத நாளில் முதியவர் ஒருவர் வழக்கத்துக்கு மாறாகப் பேசினால் அதனைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தால் விரதம் கெடாது.

தாழ்ந்திருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரைத் தம்ளர் நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறவில்லையெனில் மறுபடியும் கொடுங்கள். ஏறிய பின் சர்க்கரை நீரோடு நிறுத்திவிடாமல் உணவு கொடுங்கள். மருந்தின் வேகம் அடங்காததால் மறுபடி தாழக்கூடும். மருத்துவருக்கும் அன்றே தெரிவியுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; புரையேறும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள்.

நீர் பிரிவதற்காக மாத்திரை உட்கொள்பவர்கள் தண்ணீரும் அருந்தாமல் இருந்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ நேரிடும். வயது ஏறினால் தாகம் எடுப்பதும் குறைந்துவிடும். தாகம் இல்லை என்பதால் உடலுக்கு நீர் வேண்டாம் என்று கொள்ள முடியாது. எட்டுப் பொருள்களில் முதலாவதாக நீர் சொல்லப்பட்டிருப்பதை நினைவில் கொண்டு, மணிக்கு ஒருமுறை சிறிது தீர்த்தம் அருந்துங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உடையவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்கள், முன்பு ஒருமுறை சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் எவ்வகை உபவாசமும் மேற்கொள்ள வேண்டாம். மற்றவர்களும் ஏகாதசிக்கு இரண்டு வாரம் முன்னதாக மருத்துவரிடம் சென்று, “அன்று நான் இன்னின்னவை மட்டும் உண்ண விரும்புகிறேன். எந்த மாத்திரையை நிறுத்தலாம், எதைக் குறைக்கலாம், எதை விடவே கூடாது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டுங்கள். தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. உண்ணாமல் விழுங்குவதும் கூடாது.

மூன்று நாள் ஒழுங்கு

ஏகாதசி விரதம் ஒரு நாளோடு முடிவதன்று. தசமியில் ஒருவேளை உணவு, ஏகாதசியில் உபவாசம், துவாதசியில் பாரணை செய்து ஒருவேளை உணவு என்பதே பழைய முறை. படியிறங்கிச் சென்று, படியேறி வருவது போன்ற ஒழுங்கு இது. நாளை பட்டினி என்று தசமி இரவில் வயிறு நிறைய உண்பதும், நேற்றுப் பட்டினி என்று துவாதசியில் வடை பாயசத்தோடு உண்பதும் அந்த ஒழுங்கைக் குலைத்துவிடும். துன்பம் ஏகாதசியன்று மட்டுமன்றி அதன் இரு பக்கங்களிலும் வரக்கூடும்.

ஏகாதசி மாதத்துக்கு இருமுறை வருகிறது. வைகுண்ட ஏகாதசியன்று மட்டும் திடீரென்று நாள் முழுதும் பட்டினி கிடப்பதைவிட, ஒவ்வோர் ஏகாதசியிலும் இரவு உணவைச் சுருக்கி ஏழு மணிக்குள் பாலும் பழமுமாக முடித்துப் பழகுவது முதியவர்க்கு நல்லது. அப்பழக்கத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். இரவு மாத்திரைக்கும் மேற்சொன்ன விதியே பொருந்தும்.

பால் பழம் கொள்வதானால் ஒரேயடியாக உண்ணாமல் பிரித்து உண்ணுங்கள். சர்க்கரை சேர்க்காத பால் ஒரு தம்ளர், கொய்யாப்பழம் ஒன்று, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் ஒரு சிறு துண்டு என்று மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை கொண்டால் போதும். ஜவ்வரிசி விரதத்துக்கு உகந்ததாகக் கொள்ளப்பட்டாலும் அது பெரும்பாலும் மாவுச்சத்தே. சர்க்கரையை விரைவில் ஏற்றும். சிறுநீரகக் கோளாறு உடையவர்கள் இளநீர், பழச்சாறு, கிழங்கு ஆகியவற்றில் உள்ள பொட்டாசியத்தை எண்ணி மருத்துவரைக் கேட்ட பின்னரே உட்கொள்ள வேண்டும்.

துவாதசித் தளிகை

துவாதசித் தளிகையில் புளி சேர்ப்பதில்லை. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகிய மூன்றும் கட்டாயம் உண்டு. வெற்று வயிற்றின் சூட்டை அகத்தி தணிக்கும் என்பது பெரியோர் கருத்து. அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. நெல்லிக்காயில் உயிர்ச்சத்து ‘சி’ மிகுதி. உபவாசத்துக்குப் பின் குழைந்த சோறும், பயத்தம்பருப்பும், இம்மூன்றும் போதுமான உணவே.

அகத்திக்கீரைக் கறியமுது

தேவையானவை: அகத்திக்கீரை ஒரு சிறு கட்டு, பயத்தம்பருப்பு 2 மேசைக்கரண்டி, தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி, நெய் ஒரு தேக்கரண்டி, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளிக்க, மிளகாய் வற்றல் ஒன்று, உப்பு அளவாக.

கீரையைக் காம்பு நீக்கி ஆய்ந்து, கழுவி, மிகப் பொடியாக நறுக்குங்கள். பயத்தம்பருப்பை அரை மணி நேரம் ஊறவையுங்கள். பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிட்டு, கீரையும் பருப்பும் சேர்த்து, மூடாமல் வேகவிடுங்கள். மற்றக் கீரைகளைவிட அகத்திக்குச் சற்று நேரம் கூடுதலாக வேண்டும். நன்கு வெந்ததும் உப்பிட்டு, நீர் மிகுந்திருந்தால் வடித்து, நெய்யில் தாளித்ததைச் சேர்த்துப் பிரட்டித் தேங்காய்த் துருவலைத் தூவி இறக்குங்கள். பல் இல்லாதவர்களுக்கு இதனையே மசித்துச் சோற்றில் கலந்து கொடுக்கலாம்.

ஒருவருக்கு ஒரு கைப்பிடி போதும். அகத்தி மருந்தை முறிக்கும் என்பது சித்த மருத்துவ வழக்கு. சித்த மருந்து உண்பவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது.

நெல்லிக்காய்த் தயிர்ப் பச்சடி

தேவையானவை: பெருநெல்லிக்காய் 3, தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி, இஞ்சி ஒரு சிறு துண்டு, பச்சைமிளகாய் பாதி, புளிக்காத தயிர் ஒரு கிண்ணம், கடுகு, உப்பு.

நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி நறுக்கி, தேங்காய், இஞ்சி, பச்சைமிளகாயோடு பச்சையாகவே அரையுங்கள். வேகவைத்தால் உயிர்ச்சத்து குறையும். தயிரில் உப்போடு கலந்து கடுகு தாளியுங்கள். அரைத்த உடனே பயன்படுத்துவது நல்லது.

சுண்டைக்காயைப் பொறுத்தவரை, வற்றலில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உடையவர்கள் பச்சைச் சுண்டைக்காயைத் தட்டி, விதை நீக்கி, சிறிது நெய்யில் வதக்கிக்கொள்ளலாம். சோற்றில் முதல் பிடியாக அதனைப் பிசைந்து உண்பது பல இல்லங்களின் வழக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துவாதசி அதிகாலையில் எல்லோருக்கும் முன்னே எழுந்து, வெற்று வயிற்றோடு அடுப்பருகே நின்று இத்தனையும் செய்பவர் பெரும்பாலும் அந்த இல்லத்தின் மூத்த பெண்மணியே. கீரையை முந்தின நாளே ஆய்ந்து வைக்க மகனுக்குத் தெரியும். தேங்காய் துருவப் பேரனுக்குத் தெரியும். கேட்டால் செய்வார்கள். கேளுங்கள்.

பரமபத சோபான படம்

ஏகாதசி இரவுக்கு இன்னோர் அழகு உண்டு. எங்கள் இளமையில் கூடத்தில் பாய் விரித்து, நடுவில் பரமபத சோபான படத்தை விரிப்பார்கள். தாயக்கட்டை உருளும். ஏணியில் ஏறினால் ஆரவாரம். பாம்பின் வாயில் அகப்பட்டால் கேலி. பாட்டிமார் ஒவ்வொரு பாம்புக்கும் ஏணிக்கும் ஒரு கதை சொல்வார்கள். விழித்திருக்கும் விரதம் குழந்தைகளுக்கு விளையாட்டாகவே பழகிவிடும். உண்ணாமலிருக்க இயலாத முதியவர்க்கு அன்றைய நாளில் செய்ய ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டாம். அம்பரீஷன் கதையைச் சொல்லப் பாட்டியைவிட்டால் யார் இருக்கிறார்கள்? பத்து மணி வரை பேரக் குழந்தைகளோடு விளையாடிவிட்டு, உறங்கி, பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து திருநாமம் சொன்னாலும் எம்பெருமான் ஏற்றுக்கொள்வான்.

சென்ற ஆண்டு வைகுண்ட ஏகாதசிக்கும் திருவரங்கம் போயிருந்தேன். மருத்துவர் சொன்னபடி அன்று காலை மாத்திரை இல்லை. ஒன்பது மணிக்குப் பால், பகலில் கொய்யாவும் கிழங்கும், மாலையில் மீண்டும் பால். மூன்று முறை விரலில் குத்திப் பார்த்துப் பேரன் ஒரு தாளில் குறித்துக்கொண்டான். பாட்டிக்காக முழு உபவாசத்தை அவனே ஏற்றிருந்தான். கோயிலுக்குப் புறப்படும்போது அக்கா புடவைத் தலைப்பில் எதையோ முடிந்துகொண்டாள். கேட்டேன்.

“கல்கண்டு. வரிசையில நிக்கறச்சே ஏதாவது ஆனா வாயில போட்டுக்க. மருந்துதானே” என்றாள்.

அன்றிரவு அவன் பசியோடு தாயக்கட்டையை உருட்டுவதைப் பார்த்தபடி, “என் விரதத்தை அவன் தூக்கிண்டுட்டான். எனக்கு இனிமே பாரமில்லை” என்று சொன்னாள். சர்க்கரைத் தண்ணீர் அருந்திய அந்த ஆண்டை விட்டுவிட்டாளா என்று கணக்குக் கேட்டேன். அதையும் சேர்த்தே எண்ணுகிறாளாம்.

அன்பர்களே, இவ்வாண்டு ஏகாதசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பஞ்சாங்கத்தில் பாரணை நேரத்தைக் குறிக்கும்போதே மருத்துவரைக் காணும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். உபவாசம் என்பதற்கு அருகில் தங்குதல் என்று பொருள். எம்பெருமானுக்கு அருகில் நெடுநாள் தங்கியிருக்க உடல் வேண்டும். அவ்வுடலைக் காப்பதும் அவன் கைங்கரியமே.